80 எண் சீட்டு: என் பொருளாதார ஆசிரியருக்கு

அன்புள்ள சார்,

பள்ளியில் பொருளாதாரப் பாடம் நடத்தச் சம்மதித்துவிட்டேன். பதினோராம் வகுப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததும் உங்களுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போன் செய்ய மனம் வரவில்லை. ஏன் என்பது உங்களுக்குத் தெரியும். நம் வகுப்பில் இருந்தவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் அதற்கு மேல் எழுதவில்லை.

உங்கள் பணி நிறைவு விழாவுக்கு வராததற்கு மன்னித்துவிடுங்கள். வேலை இருக்கிறது என்று சொல்லியனுப்பினேன். வேலை இருந்ததும் உண்மைதான். ஆனால் வந்திருந்தால் மைக்கைக் கையில் கொடுத்திருப்பார்கள். நீங்கள் வகுப்பில் துண்டுச்சீட்டு கொடுத்து நடத்திய அந்தச் சந்தை விளையாட்டைப் பற்றித்தான் பேசியிருப்பேன். மாலையும் கழுத்துமாக நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது அதைப் பேசுவது சரியாக இருந்திருக்காது. ஆக, வராமல் இருந்தது உங்களுக்காகவும்தான்.

இப்போது பாடத்தைத் தயாரிக்க உட்கார்ந்தால் அந்த ஒரு பிரியடு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. விற்பவர்கள் எட்டுப் பேர், சீட்டில் 10, 20 என்று 80 வரை அடக்கவிலை, அதற்குக் கீழே விற்கக் கூடாது. வாங்குபவர்கள் எட்டுப் பேர், அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவர்கள் சீட்டில், 85, 75 என்று இறங்கி 15 வரை. யாரும் தன் சீட்டை அடுத்தவருக்குக் காட்டக் கூடாது. முதல் சுற்றில் ஒரே கூச்சல். ஒன்று 30க்குப் போனது, ஒன்று 70க்குப் போனது. நீங்கள் ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருந்தீர்கள். மூன்றாவது சுற்றில் 46, 48, 47, 47. கையில் இருந்த சாக்பீஸ் தூளை உதறிவிட்டு, "நான் ஒரு விலையாவது சொன்னேனா? எவனாவது சொன்னானா?" என்று கேட்டீர்கள். அப்போது உங்கள் முகத்தில் இருந்த சந்தோஷத்துக்காகத்தான் கல்லூரியில் பொருளாதாரம் எடுத்தேன். யாரும் உத்தரவு போடாமல் பதினாறு பேர் ஒரு விலைக்கு வந்து சேர முடியும் என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு, கண்முன்னே நடக்கப் பார்ப்பது வேறு. அந்தப் பாக்கியத்தைக் கொடுத்தவர் நீங்கள்.

என் சீட்டு 80. மூன்று சுற்றிலும் நான் எதையும் விற்கவில்லை. எழுந்து, "சார், நான் என்ன செய்யணும்?" என்றேன். "அப்ப நீ சந்தையிலேயே இல்லம்மா, உட்காரு" என்றீர்கள். வகுப்பே சிரித்தது. நீங்களும் லேசாகச் சிரித்தீர்கள். அப்புறம் 'சமநிலை விலை' என்று எழுதி அடிக்கோடு போட்டீர்கள், விற்க வருகிறவர்களும் வாங்க வருகிறவர்களும் சரிசமமாக இருக்கும் விலை.

நீங்கள் சொன்னது தப்பில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். சமநிலையில் நான்கு பேர் விற்கிறார்கள், நான்கு பேர் வாங்குகிறார்கள், வாங்குபவர் சீட்டுக்கும் விற்பவர் சீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டினால் எல்லாருக்கும் சேர்த்துக் கிடைக்கும் ஆதாயம் 180. என் 80ஐ அந்த 85காரனுக்கு விற்றுக் கொடுத்து என்னையும் உள்ளே சேர்த்துக்கொண்டால், மீதிப் பேர் எவ்வளவு திறமையாகப் பேரம் பேசினாலும் மொத்தம் 145தான். நான் வெளியே இருப்பதால் வகுப்புக்கு 35 மிச்சம். இதைச் சொல்லியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கலாம். வாய்ப்புச் செலவு என்ற பாடத்தை அதற்கு முந்தின வாரம்தான் நடத்தியிருந்தீர்கள். 80 என்றால், இதைச் செய்வதற்காக நான் விட்டுக்கொடுக்கும் வேறொன்றின் மதிப்பு 80. "அந்த வேறொன்றைப் போய்ச் செய்" என்பதுதான் சந்தை எனக்குச் சொல்லும் சேதி. ஒரே ஒரு வாக்கியம் போதும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு அதைச் சொல்ல உங்களுக்கு நேரமில்லை.

15 எண் சீட்டு யாரிடம் இருந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பெயரை எழுதப் போவதில்லை. அவன் எழுந்து கேட்கவும் இல்லை. அடுத்த ஆண்டு அவன் வகுப்பில் இல்லை. காரணம் நம் இரண்டு பேருக்கும் தெரியும். அந்தப் பொருள் அவனுக்கு வேண்டாம் என்பதால் சீட்டில் 15 இருக்கவில்லை, கையில் இருந்தது அவ்வளவுதான். எவ்வளவு வேண்டும் என்பதும் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதும் வேறு வேறு என்று அந்த ஆண்டு முழுக்க ஒரு தடவைகூட நீங்கள் சொல்லவில்லை.

இன்னொன்று. அந்த விளையாட்டை நீங்களே கண்டுபிடித்தீர்கள் என்று நினைத்திருந்தேன். அது ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தன் மாணவர்களை வைத்து நடத்தியது. 1948இல் அதை வெளியிட்டார். அவர் வகுப்பில் விலை சமநிலைக்கு வந்து சேரவில்லை. பாடப்புத்தகம் சொல்லும் சந்தைப் போட்டி நிஜத்தில் நடக்காது என்பதற்குத்தான் அவர் அதை ஆதாரமாகக் காட்டினார். அந்த வகுப்பில் மாணவராக இருந்த வெர்னன் ஸ்மித், 1956இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் விதிகளை மாற்றி அதையே நடத்திப் பார்த்தார். கேட்கும் விலையையும் கொடுக்கும் விலையையும் எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும், ஒரே சந்தையைத் திரும்பத் திரும்பக் கூட்ட வேண்டும். விலை வந்து சேர்ந்தது. 2002இல் அவருக்கு நோபல் கிடைத்தது. "நான் ஒன்றுமே செய்யவில்லை" என்றீர்களே சார், நிறையச் செய்தீர்கள். சத்தமாகச் சொல்லச் சொன்னீர்கள், ஒவ்வொரு விலையையும் பலகையில் எழுதினீர்கள், 60 அடக்கமுள்ளவன் 50க்கு விற்கப் போனபோது தடுத்தீர்கள். தடையில்லாத சந்தைக்கும் ஒருவர் நின்று விதியைக் காக்க வேண்டியிருக்கிறது. அதை அன்று மிக நன்றாகச் செய்தவர் நீங்கள்தான். அதைச் சொல்லிக்கொள்ளாமல் ஏன் மறைத்தீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஆடம் ஸ்மித்தையும் இப்படித்தான் பாதியோடு நிறுத்தினீர்கள். 1776, 'நாடுகளின் செல்வம்' நூல், குண்டூசித் தொழிற்சாலை, வேலையைப் பிரித்துக்கொண்டால் பத்துப் பேர் ஒரு நாளில் 48,000 குண்டூசி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அதே நூலின் ஐந்தாம் பகுதியில், வாழ்நாள் முழுக்க அப்படி ஒரே வேலையைச் செய்கிறவனின் அறிவு மழுங்கிப்போகும், ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். அந்த 15காரன் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. நாற்பது பேர், ஒரு கரும்பலகை, முடிக்க வேண்டிய பாடம், பொதுத் தேர்வு. உங்கள் இடத்தில் நிற்கப் போகிறவள் இதை மறக்கக் கூடாது. எங்களுக்கு மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தால் போதும், யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் இரவில் உட்கார்ந்து சீட்டு வெட்டினீர்கள்.

நானும் அதே எண்களை வைத்துத்தான் நடத்தப் போகிறேன். மூன்று சுற்று முடிந்ததும் முதலில் 80ஐயும் 15ஐயும் பேசச் சொல்வேன். நான்காவது சுற்றில் 30க்கு மேல் விற்கக் கூடாது என்று உச்சவரம்பு வைப்பேன். விற்க மூன்று பேர்தான் வருவார்கள், வாங்க ஆறு பேர் முண்டுவார்கள், 15காரனுக்கு அப்போதும் கிடைக்காது. இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம்தான் சார், விலையை அமுக்கினால் ஏழைக்குக் கிடைத்துவிடும் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டு போகக் கூடாது. ஐந்தாவது சுற்றில் வரம்பை எடுத்துவிட்டு, 15காரனின் சீட்டில் 40 புள்ளி கூட்டுவேன். இப்போது அவனுக்குக் கிடைக்கும். அதுவரை விற்க முடியாமல் நின்ற 50 அடக்கக்காரனும் விற்பான். விலை 50ஐத் தாண்டலாம், முன்பு 47க்கு வாங்கியவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த 40 புள்ளி யாருடைய சீட்டிலிருந்து வந்தது என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். அதற்காக ஒரு பிரியடை முழுதாக ஒதுக்கியிருக்கிறேன். அன்று நீங்கள் வந்து, ஒருவரிடம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுப்பது ஏன் தவறு என்று உங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும். என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள். நானும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தேதியைத் தனியாக எழுதி அனுப்புகிறேன்.

உங்கள் மாணவி