பேத்தாலஜிப் புத்தகம் அங்கேயே இருக்கட்டும்

அன்புக் கண்ணா,

இங்கே எல்லோரும் நலம். பாட்டியின் கால் வீக்கம் வடிந்துவிட்டது, அதைப் பிறகு விவரமாக எழுதுகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? தூங்குகிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதை அப்பா சொன்னார். விடுமுறைக்கு வீட்டுக்கு வரவில்லை, ஹாஸ்டலிலேயே இருந்து இரண்டாம் வருட மருத்துவப் பாடங்களை முன்னாலேயே படித்துவைக்கப் போகிறாய் என்றார். பேத்தாலஜிக்கும் பார்மகாலஜிக்கும் புத்தகம் வாங்கிவிட்டாயாம். சீனியர்கள் குறிப்புகளும் கொடுத்திருக்கிறார்களாம். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லமாட்டேன். விடுமுறையிலும் தானாகப் புத்தகத்தை எடுக்கிற பிள்ளை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் இப்போதெல்லாம் நீ அப்பாவின் எண்ணுக்குத்தான் அழைக்கிறாய். என் ட்யூட்டி நேரம் உனக்கு மனப்பாடம். நான் எப்போது வீட்டில் இருப்பேன் என்று உனக்குத் தெரியாதா? சரி, அது போகட்டும். படிப்பைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் புதுக் கோட்டு மடிப்புக் கலையாமல் வார்டுக்குள் நுழைந்த பிள்ளைகள் ஹவுஸ் சர்ஜனாகி, மேற்படிப்பு முடித்து, அதே வார்டுக்கு ரவுண்ட்ஸ் வருகிற டாக்டராகத் திரும்பியதைக் கூடவே இருந்து பார்த்தவள். நர்சிங் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுத்திருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன். அடுத்த வருடப் பாடத்தை இந்த விடுமுறையில் படிக்க வேண்டாம், கண்ணா.

ஆசிரியர் இல்லாமல், ஸ்லைடு பார்க்காமல், ஒரு நோயாளியைக்கூடத் தொடாமல் பேத்தாலஜிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தால் கையில் என்ன நிற்கும்? பெயர்கள்தான் நிற்கும். அவையும் வகுப்பில் அந்தப் பாடம் வரும்வரை நிற்காது. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று தன்னையே வைத்துச் சோதித்தார். 1885-இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். ஒரே நாளில் பாதிக்கு மேல் போய்விடுகிறது என்று கண்டார். புரிந்து படித்தது அவ்வளவு வேகமாகப் போகாதுதான். ஆனால் புரிந்துகொள்ள அடியில் ஏதாவது இருக்க வேண்டுமே. பேத்தாலஜி தனியாக முளைத்த பாடமா? உடம்பு ஒழுங்காக வேலை செய்வது பிசியாலஜி. அதே வேலை பிசகினால் பேத்தாலஜி. அந்தப் பிசகை மாத்திரையால் திருத்தப் பார்த்தால் பார்மகாலஜி. முதல் வருடம் கைக்குள் இல்லாமல் இரண்டாம் வருடத்தை முந்திப் பிடிக்க முடியாது.

பாட்டியின் காலை எடுத்துக்கொள். இரண்டு கணுக்காலும் வீங்கிவிட்டன. கட்டை விரலால் அழுத்தினால் குழி விழுந்து, சற்று நேரம் அப்படியே நின்றது. இது பேத்தாலஜிப் புத்தகத்தில் இருக்கும், நீ ஒரு மணி நேரத்தில் படித்துவிடுவாய். ஆனால் ஏன் வீங்குகிறது என்பதற்கு விடை நீ ஏற்கனவே படித்த இடத்தில் இருக்கிறது. தந்துகி என்ற மிக நுண்ணிய ரத்தக் குழாய்க்குள் இருக்கும் ரத்த அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது, ரத்தத்திலுள்ள புரதம், முக்கியமாக அல்புமின், நீரை உள்ளே பிடித்துவைக்கிறது. ஸ்டார்லிங் என்ற பிசியாலஜி அறிஞர் 1896-இல் சொன்னது. இந்த இழுபறி மட்டும் மனதில் நின்றுவிட்டால் வார்டில் கால் வீங்கிப் படுத்திருக்கும் பாதிப் பேரைப் புரிந்துகொள்ளலாம். இதயம் தளர்ந்தால் சிரைகளில் அழுத்தம் ஏறி நீர் வெளியே தள்ளப்படும். சிறுநீரக வடிகட்டி பழுதானால் அல்புமின் சிறுநீரில் போய்விடும். கல்லீரல் சுருங்கிப்போனால் அல்புமின் போதுமான அளவு உற்பத்தியே ஆகாது. மூன்று பேர் காலும் வெளியே பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

டாக்டர் அந்த வரிசையில்தான் தேடினார். இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்தார், சரியாக இருந்தது. சிறுநீரில் புரதம் இல்லை. கல்லீரலிலும் குறை இல்லை. பிறகுதான் மாத்திரைச் சீட்டைக் கேட்டார். ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த அம்லோடிபினின் அளவைக் கொஞ்ச நாள் முன்புதான் கூட்டியிருந்தார்கள். அது சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. அதனால் தந்துகிக்குள் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது. உடம்பில் நீர் அதிகமாகி வந்த வீக்கம் இல்லை என்பதால் நீர் மாத்திரை கொடுத்தாலும் பெரிதாகக் குறையாது. மாத்திரையை மாற்றினார்கள், கால் பழையபடி ஆகிவிட்டது. பாட்டி எல்லாப் பரிசோதனைக்கும் நடுவில் ஒரே கேள்விதான் கேட்டாள், "பேரன் எப்போது வருகிறான், அவன் பார்த்தால் சொல்லிவிடுவானே." முதல் வருடம் முடித்தவனுக்கு அதெல்லாம் தெரியாது என்று நான் சொன்னால் அவள் கேட்கவா போகிறாள்? நீ வந்து அவள் காலை ஒரு தடவை தொட்டுப் பார்த்திருந்தால் அந்த அத்தியாயம் உனக்கு ஆயுளுக்கும் மறந்திருக்காது. அப்போது உனக்கு மாடல் தேர்வு, வர முடியவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை.

அதனால் விடுமுறையில் ஏதாவது படித்தே ஆக வேண்டும் என்று மனம் அரித்தால், புதுசு வேண்டாம், பழையதைப் படி. பிசியாலஜியைப் படி. அதிலும் சிறுநீரகமும் இதயமும். ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டி ஏறக்குறைய ஒன்றரை லிட்டரை மட்டும் வெளியே விடுகிற உறுப்பு சிறுநீரகம். மீதி எங்கே, எந்தக் குழாயில், எதனோடு சேர்ந்து திரும்புகிறது என்று தெரிந்தவனுக்கு ஃபியூரோசமைடு என்ற நீர் மாத்திரையை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை. சிறுநீரகக் குழாயில் ஹென்லி வளைவு என்ற பகுதி இருக்கிறதே, அதன் ஏறுமுகத் தடித்த பகுதியில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு மூன்றையும் சேர்த்து உள்ளே எடுக்கும் வாசலை அது அடைக்கிறது, அவ்வளவுதான். பொட்டாசியம் ஏன் குறைகிறது என்பதையும் அங்கிருந்தே யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பிசியாலஜி என்று நான் ஏதோ மனதில் வைத்துக்கொண்டு எழுதுவதாக நினைக்காதே. பொதுவாகத்தான் சொல்கிறேன். துணைத்தேர்வு எழுத வேண்டியிருக்கும் பிள்ளைகள் விஷயம் வேறு. அவர்களுக்கு விடுமுறையில் படிக்கலாமா என்ற கேள்வியே இல்லை, படித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த ஒரு பாடத்தை மட்டும் படிக்க வேண்டும். விட்டது ஒரு பக்கம் கிடக்க, யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து அடுத்த வருடப் புத்தகத்தைப் புரட்டினால் மனசுக்கு முன்னே போகிற மாதிரித் தோன்றும். தோன்றுவது மட்டும்தான். அப்படி ஒரு பாடம் நின்றுபோன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் எத்தனையோ பேர் இன்று நல்ல டாக்டர்கள். அவர்களில் ஒருவரிடம்தான் பாட்டியைக் காட்டினோம். மறுபடியும் சொல்கிறேன், பொதுவாகத்தான்.

எப்படிப் படிப்பது என்பதும் முக்கியம். பிள்ளைகள் மார்க்கரால் வண்ணம் தீட்டித் தீட்டி அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள். நீயும் அப்படித்தான், உன் அனாட்டமிப் புத்தகத்தில் வெள்ளையாக ஒரு வரி இல்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இருவர் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சிலர் ஒரு பத்தியைத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒரு தடவை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது பார்க்காமல் எழுதியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. என் வகுப்பிலும் அதையே கண்டேன். புத்தகத்தை மூடி, ஒரு வெற்றுத்தாளில் சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானை வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் என்ன நடக்கிறது என்று எழுதிப் பார். எங்கே கை நிற்கிறதோ அதை மட்டும் திறந்து படி. இரண்டு நாள் விட்டு ஒரு தடவை, ஒரு வாரம் விட்டு ஒரு தடவை. ஆன்கி செயலியில் கேள்வி-பதில் அட்டை போட்டுக்கொள்வதானால் அதுவும் இதே முறைதான். காலையில் ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அதற்கு மேல் வேண்டாம். மீதி நாள் முழுக்க உன்னுடையது.

அப்புறம் தூக்கம். பகலில் படித்ததை மூளை பதித்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்பது உனக்கே தெரியும், நீதான் எனக்குச் சொன்னாய். அதைச் சொன்ன பிள்ளை விடியற்காலை மூன்றரை மணிக்கு ஆன்லைனில் இருக்கிறான். வேவு பார்க்கவில்லை, நைட் ட்யூட்டியில் போனைத் திறந்தபோது கண்ணில் பட்டது. அதற்கு முந்தைய வாரமும் பட்டது. நுழைவுத் தேர்வு வருடத்தைப் பற்றிப் பேச வேண்டாம் என்று நாம் முடிவு செய்தோம், நான் பேசவில்லை. ஆனால் அந்த வருடமும் முதலில் தூக்கம்தான் போனது. இரவில் தூங்கு, கண்ணா. எவ்வளவு பாக்கி இருந்தாலும் தூங்கு.

சீனியர்கள் சொன்னார்கள் என்று அப்பாவிடம் சொன்னாயாம். அந்தச் சீனியர்களிடமே இன்னொன்றும் கேள். மூன்றாம் வருடம், இறுதி வருடம் என்று போகப் போக விடுமுறை எப்படிச் சுருங்குகிறது என்று கேள். பயிற்சி மருத்துவர் ஆனபின் ட்யூட்டி முடிந்தால் தூங்கக் கிடைத்தாலே பெரிது. முழுசாகக் கையில் கிடைக்கிற கடைசி விடுமுறைகளில் இதுவும் ஒன்று. பாடத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம், பாட்டிக்கு எண்பத்திரண்டு.

விடுமுறையில் பெரிய வேலை செய்தவர்களும் உண்டு என்று நீ சொல்லலாம். 1921 கோடையில் பான்டிங் என்ற டாக்டரோடு பெஸ்ட் என்ற இளைஞர் டொரொன்டோவில் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்ததால்தான் இன்சுலின் கிடைத்தது. பெஸ்ட்டுக்கு அப்போது 22 வயது, பட்டப்படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார், மருத்துவப் படிப்பை அதற்குப் பிறகுதான் முடித்தார். 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்கு இன்சுலின் போட்டார்கள். நான் வாழ்நாளில் எத்தனை இன்சுலின் ஊசி போட்டிருப்பேன், ஒவ்வொன்றும் அந்தக் கோடையிலிருந்து வந்தது. உனக்கும் அப்படி ஒன்றைத் தேடிப் போகத் தோன்றினால், ஓர் ஆசிரியரின் ஆய்வில் உதவப் போகிறேன் என்றால், விடுமுறை முழுவதும் அங்கேயே இருந்தாலும் நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன், வழியனுப்பி வைப்பேன். அது ஆசையில் செய்வது. நீ இப்போது செய்யப் போவது ஆசையிலா? அப்பாவிடம் நீ பேசியதை ஸ்பீக்கரில் போடச் சொல்லி நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் குரலில் ஆசை இல்லை. பேத்தாலஜி என்று சொன்னபோதும் இல்லை. முதல் டிஸெக்‌ஷன் நாளன்று இரவு ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் எனக்குச் சொன்னாயே, அந்தக் குரலை நான் கேட்டுப் பல மாதம் ஆகிறது.

பிசியாலஜி வைவா, அந்த வாய்மொழித் தேர்வு, நடந்த அன்று மாலை நீ அழைத்தாய். "ம்மா" என்றாய். பிறகு சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டாய். எனக்குச் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து நான் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ரிசல்ட் வந்திருக்கும், வந்து சில வாரம் ஆகியிருக்கும். நீயாகச் சொல்லும் வரை அப்பாவிடமும் நான் வாயைத் திறக்கமாட்டேன். அவர் பெருமைப்பட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்து நீ பயப்படுகிறாய் என்றால், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அக்கா விஷயத்தில் அவர் எப்படி இருந்தார் என்று உனக்குத் தெரியும். இரண்டே நாள். மூன்றாம் நாள் அவரே போய்ப் படிவம் வாங்கி வந்தார்.

படிக்க வேண்டியது எதுவாக இருந்தாலும் இங்கே படிக்கலாம். உன் அறை அப்படியே இருக்கிறது. காலையில் நான் கேள்வி கேட்கிறேன், நீ சொல். பிசியாலஜியில் சிறுநீரகம், இதயம், ரத்த அழுத்தம் இந்த மூன்றும் எனக்கு இன்னும் நன்றாகவே நினைவிருக்கிறது. மற்றதற்குப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்பேன். யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றால் கதவைச் சாத்திக்கொள்வோம்.

டிக்கெட் போட்டதும் சொல். என் எண்ணுக்கு அழை. அடுத்த வாரம் எனக்குப் பகல் ட்யூட்டிதான், மாலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் பேசலாம். வரும்போது பிசியாலஜிப் புத்தகத்தையும் பழைய நோட்டுகளையும் மட்டும் எடுத்து வா. பேத்தாலஜிப் புத்தகம் அங்கேயே இருக்கட்டும், கனம்.

அன்புடன்,
அம்மா