ஆற்றோரமாகத்தான் போகிறோம், அம்மா

லாண்ட்ஸ்ஹூட், ஜெர்மனி, ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

போனில் சொல்லியிருக்கவே கூடாது. "நாலு வயசுப் பிள்ளையைச் சைக்கிள்ல வச்சு அஞ்சு நாள் நாடு விட்டு நாடு போறியா" என்று நீ கேட்டதும், பின்னாலிருந்து அப்பா "ஏன், அங்க ரயில் இல்லையா" என்றதும் இன்னும் காதில் நிற்கிறது. குட்டி வேறு அப்போது அழுதுகொண்டிருந்தாள், ஒழுங்காகப் பேச முடியவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டு, அவருக்கென்றே அணைக்கட்டு சமாசாரம் ஒன்று இருக்கிறது.

உன் பயம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாதா? நம்ம குன்னூர் பெட்போர்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு இறக்கத்தில் மாமா பிரேக் பிடிக்காத வாடகை சைக்கிளில் வந்து சாக்கடையில் விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்ட கதையைக் கேட்டுத்தானே வளர்ந்தோம். குன்னூரில் சைக்கிள் என்றால் ஏறும்போது தள்ளணும், இறங்கும்போது சாமி கும்பிடணும். நானே இங்கே வந்து, இருபத்தாறு வயதில், சூப்பர் மார்க்கெட் பின்பக்கத்துக் காலி இடத்தில் விழுந்து எழுந்துதான் கற்றுக்கொண்டேன். அதை உன்னிடம் சொன்னதில்லை, சரி, இப்போது சொல்லிவிட்டேன்.

இந்தப் பாதை அப்படியில்லை. ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் லின்ஸ் வரை டான்யூப் ஆற்றங்கரையிலேயே போகிறது, கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர், பெரும்பகுதி கார் தொந்தரவு இல்லாத தனிப்பாதை. அத்தனை தூரத்துக்கும் ஆறு இறங்குவது 50 மீட்டருக்குள்தான். நம் மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வருவதற்குள், 28 கிலோமீட்டரில், 1,300 மீட்டருக்கு மேல் ஏறுகிறதே, கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் கடகடவென்று கடித்துக்கொண்டு, அதைப் பார்த்த கண்ணுக்கு இது கோலம் போடுகிற வாசல்தான். பாஸாவ் வரைக்கும் ரயிலில்தான் போகிறோம், அப்பா மனம் குளிரட்டும். சைக்கிளுக்குத் தனி டிக்கெட்.

நிறையப் பேர் நேரே வியன்னா வரை, 300 கிலோமீட்டருக்கு மேல், ஒரே வாரத்தில் போய்விடுவார்கள். உன் மாப்பிள்ளையும் முதலில் அதைத்தான் சொன்னார், எக்செல்லில் கட்டம் கட்டமாகப் போட்டும் வைத்திருந்தார். போன மாதம் ஒரு வெள்ளோட்டம் விட்டோம், அதோடு அந்தக் கட்டமெல்லாம் போச்சு. வீட்டிலிருந்து இசார் ஆற்றோரமாக டிங்கோல்ஃபிங் வரை, முப்பது கிலோமீட்டர் சொச்சம், நடுவில் ஒரு ராத்திரி தங்கல். முதல் நாலு கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது! மழை பெய்து ஓய்ந்திருந்ததால் பாதையில் ஒரு நத்தை குறுக்கே போய்க்கொண்டிருந்தது, அது மறுபக்கம் போய்ச் சேரும்வரை நகரமாட்டேன் என்று குட்டி குந்தி உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தது மட்டுமா, வருகிற போகிற சைக்கிளையெல்லாம் டிராஃபிக் போலீஸ் மாதிரி கையை நீட்டி "ஹால்ட்" என்கிறாள். ஒரு பெரியவர் நிஜமாகவே இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நத்தை புல்லுக்குள் போகும்வரை நின்றார். நாங்களும் நின்றோம், வேறென்ன செய்ய.

அப்புறம் மத்தியானம் ஒரு மணிக்கு டிரெய்லரில் தூங்கினாள் பார், ஒன்றரை மணி நேரம், அதற்குள் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டோம். ஆக கணக்கு இதுதான் அம்மா: அவள் தூங்கும்போது ஓட்டுவது, விழித்திருக்கும்போது அவள் போகிற வேகத்தில் போவது. ஒரு நாளைக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர், அதுக்கு மேல் ஆசைப்படவில்லை.

டிரெய்லர் என்பது சைக்கிளுக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுக்கிற ரெண்டு சக்கரக் கூடாரம், உள்ளே பெல்ட் இருக்கிறது, மேலே உயரமாக ஒரு கொடி. முதலில் வாடகைக்கு எடுத்ததில் கொக்கி எங்கள் சைக்கிளுக்குப் பொருந்தவில்லை. பொருந்தும் என்று கடைக்காரர் அரை மணி நேரம் சாதித்தார், கடைசியில் அவர் கைதான் கிழிந்தது. பழசாகவே ஒன்று வாங்கிவிட்டோம். அவளுடைய குட்டிச் சைக்கிளையும் மேலே கட்டிக்கொள்வோம், நல்ல இடம் வந்தால் இறக்கிவிட்டு ஓட்டச் சொல்லலாம்.

ஆஸ்திரியாவில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஹெல்மெட் கட்டாயம், டிரெய்லருக்குள் உட்கார்ந்திருந்தாலும் போடணும். தூங்கும்போது அந்த ஹெல்மெட் பின்னால் இடித்துத் தலையை முன்னால் தள்ளுகிறது, கழுத்து தொங்கிவிடுகிறது. முதுகுக்கு ஒரு சின்ன மெத்தை தைத்துக் கொடுத்தேன், தலைக்குப் பின்னால் பள்ளம் கிடைத்தது, இப்போது நேராகத் தூங்குகிறாள்.

இப்போது அப்பாவுக்கு. முதல் நாள் ராத்திரி யோஹென்ஸ்டைன் என்ற இடத்தில். டான்யூப்பின் குறுக்கே பெரிய நீர்மின் நிலையம், ஒரு கரை ஜெர்மனி, எதிர்க்கரை ஆஸ்திரியா. நம் குந்தா, பைக்காரா மாதிரி மலையிலிருந்து குழாயில் கொட்டுகிற தண்ணீர் இல்லை அப்பா, வீழ்ச்சி பத்து மீட்டர்தான், ஆனால் ஆறு முழுக்க டர்பைனுக்குள் போகிறது. கப்பல் ஏறி இறங்க ஓரத்தில் தனித் தொட்டி, கதவை மூடித் தண்ணீரை வடியவிட்டால் கப்பல் தானாகக் கீழே போகும். அணை மேலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் போய்விடலாம். நீங்கள் குந்தாவில் கேட்டுக்குள் விடமாட்டேன் என்று என்னைத் திருப்பி அனுப்பினது நினைவிருக்கிறதா?

அப்புறம் ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு கொண்டை ஊசி வளைவு மாதிரி வந்த வழியே திரும்புகிறது. நம் கல்லட்டி மலைப்பாதையில் 36 வளைவு, இங்கே ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஆற்றுக்கு. வடகரையில் பாதை அங்கே அறுந்துவிடும், படகில் தாண்டணும். குட்டி இப்போதே படகு படகு என்று குதிக்கிறாள். ஓட்டன்ஸ்ஹைமில் இன்னொரு படகு, அதற்கு மோட்டாரே கிடையாது, குறுக்கே கட்டிய கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு ஆற்றின் ஓட்டத்திலேயே அக்கரை போகும். அப்பா இதை நம்பமாட்டார், வீடியோ எடுத்து அனுப்புகிறேன்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாய். கிராமத்து ஓட்டல்களில் மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல் பல இடத்தில் அடுப்பை அணைத்துவிடுவார்கள், வாரத்தில் ஒரு நாள் கதவே சாத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கடைகளும் கிடையாது. அதனால் முதல் நாளுக்குப் புளிசாதம், பிறகு ரொட்டி, வாழைப்பழம், நீ கொடுத்தனுப்பிய பருப்புப் பொடி. பஞ்சர் சாமான், டிரெய்லருக்குத் தனி டியூப், மாற்று பேன்ட் நாலு, குட்டிக்கு மடக்கி எடுத்துப்போகிற கக்கூஸ் இருக்கை.

ஒன்றே ஒன்றில்தான் உன் பயம் நியாயம், குளிர். நாங்கள் மிதிக்கிறோம், வேர்த்துக் கொட்டுகிறது, அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். வெள்ளோட்டத்தில் நான் சட்டைக் கையை மடித்துவிட்டு ஓட்டிக்கொண்டிருக்க, நின்று பார்த்தால் அவள் விரலெல்லாம் ஜில்லென்று இருந்தது. இப்போது அரை மணிக்கு ஒருமுறை கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பார்ப்பது என்று வைத்திருக்கிறோம்.

அதனால் ஒரு வேலை தருகிறேன். காதை மூடுகிற மாதிரி மெல்லிசாக ஒரு உல்லன் குல்லா பின்னி அனுப்பு. தலை சுற்றளவு 50 சென்டிமீட்டர், நேற்றுதான் அளந்தேன். ஜூன் பத்தாம் தேதி கிளம்புகிறோம், அதற்குள் வந்துசேரணும். மேலே குஞ்சம் மட்டும் வைத்துவிடாதே, ஹெல்மெட்டுக்குள் அடங்காது.

அன்புடன்,
உன் மகள்