மெல்லப் பாடும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

முதல் ஆல்பத்துக்கு எட்டுப் பாட்டு தயார் என்று எழுதியிருந்தாய். ஸ்மூத் ஜாஸ் நடை, தமிழ் வரிகள், பேச்சைவிடச் சற்றே உயர்ந்த குரல். ஸ்டூடியோவுக்குப் போகும் முன் ஓர் ஆல்பத்தை நல்ல ஹெட்போனில் முழுதாகக் கேள்: அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஃபிராங்க்ஸின் 'தி ஆர்ட் ஆஃப் டீ'. ரிப்ரைஸ் நிறுவனம் 1976இல் வெளியிட்டது, மொத்தம் ஒன்பது பாட்டு. உன்னைப் போலவே அவரும் தானே எழுதித் தானே பாடுகிறவர். குரலும் சின்னது. ஆனாலும் ஒரு சொல்கூடத் தொலைவதில்லை.

அதற்குப் பாதிக் காரணம் கூட வாசித்தவர்கள். கீபோர்டில் ஜோ சாம்பிள், கித்தாரில் லாரி கார்ல்டன், பேஸில் வில்டன் ஃபெல்டர். மூவரும் குரூசேடர்ஸ் என்ற அமெரிக்க ஜாஸ் குழுவினர். ஃபெல்டர் அந்தக் குழுவின் சாக்ஸஃபோன்காரர். மூச்சு எங்கே விட வேண்டும் என்று தெரிந்தவர், இங்கே பேஸ் வாசிக்கிறார். ஃபிராங்க்ஸ் பாடும்போது கித்தார் ஒதுங்கி நிற்பதையும், வரி முடிந்த இடைவெளியில் இரண்டு மூன்று சுரங்களில் பதில் சொல்லிவிட்டு விலகுவதையும் கவனி. சாக்ஸுக்கு வந்தவர்கள் மைக்கேல் பிரெக்கரும் டேவிட் சான்போர்னும். அவ்வளவு பெயர் பெற்ற அவர்களே காத்திருந்துதான் வாசிக்கிறார்கள்.

ஆகவே குரலுக்கான இடத்தை மிக்ஸிங்குக்கு (பதிவான ஒலிகளைக் கலப்பதற்கு) முன்பே, இசையமைப்பிலேயே ஒதுக்கிவிடு. ரோட்ஸ் (மின்சாரப் பியானோ) வாசிப்பவரிடம் இடது கையைக் குறைக்கச் சொல். சி மேஜர் 9 என்றால் ஈ, பி, டி மூன்றும் போதும். சி-யை பேஸ் பார்த்துக்கொள்ளும். இரண்டு பேரும் கீழ் சுரத்தையே பிடித்தால் 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை ஒலி சேறாகிவிடும். உன் குரலின் உடம்பும் அங்கேதான் இருக்கிறது. பிறகு ஈக்யூவில் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) எவ்வளவு வெட்டினாலும் முழுதாகத் தெளியாது.

இனி மைக். அந்த ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் அல் ஷ்மிட், தயாரிப்பாளர் டாமி லிபூமா. ஈக்யூவைத் தொடுவதற்கு முன் எந்த மைக், எங்கே வைப்பது என்பதிலேயே ஒலியை அமைப்பது ஷ்மிட்டின் வழி. நீயும் அப்படியே செய். கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும்) கண்டென்சர் (மெல்லிய ஒலியையும் பிடிக்கும்) மைக், வாயிலிருந்து 12 முதல் 15 செ.மீ., அதாவது அரைச் சாணுக்குச் சற்றுக் கூட. நெருக்கம் வேண்டுமென்று 5 செ.மீ.க்குப் போனால் அடிக்குரல் உப்பிக்கொள்ளும். அதைவிடப் பெரிய தொல்லை தலையாட்டம்: 5 செ.மீ. 10 ஆனால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் இறங்கும், குரலின் நிறமும் மாறும். 12இல் நின்றால் அதே அசைவு அவ்வளவு தெரியாது.

மெல்லிய குரலுக்கு ப்ரீஆம்ப்பை (மைக்கின் ஒலியைப் பெருக்கும் கருவி) ஏற்ற வேண்டியிருக்கும். ஏற்றினால் ஃபேன், ஏசி, பக்கத்து அறை எல்லாம் கூடவே வரும். ஹெட்போனிலிருந்து கசியும் கிளிக்கும் (தாளம் காட்டும் டிக் ஒலி) வரும். அதனால் ஃபேனையும் ஏசியையும் அணை, மூடிய வகை ஹெட்போன் போடு, கிளிக்கை உன்னால் தாளம் பிடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் வை. 24 பிட்டில் பதிவு செய்தால் ஒலியின் உச்சம் மைனஸ் 10 டெசிபலில் (பதிவின் மேல் வரம்புக்கு 10 டெசிபல் கீழே) நின்றாலே தாராளம். ஹெட்போனில் உன் குரலே பெரிதாகக் கேட்டால் நீ அறியாமலே குரலை இன்னும் அடக்கிவிடுவாய். சிறிதாகக் கேட்டால் குரலைத் தள்ளி உரக்கப் பாடுவாய், அப்போது இந்த நடையே போய்விடும். முதல் அரை மணி நேரத்தை இந்த அளவைச் சரிசெய்யவே கொடு.

தமிழில் பாடுவதால் இன்னொன்று. ஆங்கிலத்தில் சொல்லின் முதலில் வரும் ப-வோடு மூச்சு வெடிக்கும். நம் ப-வில் அது குறைவு. இருந்தாலும் இந்தத் தூரத்துக்கு பாப் ஃபில்டர் (மைக்குக்கு முன் வைக்கும் மூச்சுத் தடுப்பு வலை) வேண்டும். ச-வின் சீறலுக்கு முதலில் மைக்கை 15 டிகிரி திருப்பிப் பார். டி-எஸ்ஸரை (சீறலைக் குறைக்கும் கருவி) 3, 4 டெசிபலுக்கு மேல் அழுத்தினால் ச மழலையாகிவிடும். நமக்கு உண்மையான சிக்கல் குற்றியலுகரம், அதாவது சொல்லின் இறுதியில் குறுகி ஒலிக்கும் உகரம். காற்று, நேற்று, வந்து: மெல்லப் பாடும்போது இந்தக் கடைசி உகரம் ரோட்ஸுக்குள் கரைந்து, சொல் பாதியில் நிற்கும். இழுத்துப் பாடினால் 'காற்றூ' ஆகிவிடும், கேட்கச் சகிக்காது. கம்ப்ரஸருக்கு (குரலின் ஏற்ற இறக்கத்தை அழுத்திச் சமன் செய்யும் கருவி) அனுப்பும் முன் அந்த அசையை மட்டும் 2, 3 டெசிபல் கையால் உயர்த்து. இன்னும் நல்லது, சுரம் நீண்டு நிற்கும் இடத்தில் நெடிலோ மெல்லினமோ வரும்படி வரியை மாற்றி எழுதுவது. நீயே கவிஞர், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

கம்ப்ரஷனை ஒரே இடத்தில் 6 டெசிபல் போடாமல், இரண்டாகப் பிரித்து 3, 3 என்று போடு. விகிதம் 2:1 அல்லது 3:1. அட்டாக் (அழுத்தத் தொடங்க எடுக்கும் நேரம்) 15 மில்லிசெகண்ட் அளவில் இருக்கட்டும், மெய்யெழுத்தின் முனை அழுங்காமல் தப்பும். கம்ப்ரஷனில் குறைந்ததை மீண்டும் ஏற்றும்போது அறையின் இரைச்சலும் அதே அளவு ஏறும் என்பதை மறக்காதே.

சாக்ஸைக் கடைசியாக, உன் குரலின் இறுதி டேக் முடிந்த பிறகு பதிவு செய். வாசிப்பவருக்கு ஹெட்போனில் உன் குரலைக் கொடு, அச்சடித்த வரிகளையும் கையில் கொடு. எந்தச் சொல்லுக்குப் பிறகு இடம் இருக்கிறது என்று அவரே பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
அண்ணன்