அப்பாவின் பெட்டியும் பனானா பின்னும்

மண்டபம்,
ஆகஸ்ட் 17

அன்புள்ள குமரா,

உன் மூன்று கடிதமும் வந்தன. மூன்றாவதில், ‘இருக்கிறாயா, இல்லை கடலோடு போய்விட்டாயா’ என்று கேட்டிருந்தாய். இருக்கிறேன். எழுதாததற்குக் காய்ச்சல், வேலை, பேரன் என்று எதையாவது சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் உன்னிடம் பொய் எழுதினால் என் கையெழுத்தே கோணிக்கொள்ளும், அது உனக்கும் தெரியும். ஒரு காரியம் நடந்துவிட்டது. அதைச் சரிசெய்யாமல் உனக்கு எழுதக் கை வரவில்லை. இப்போது முக்கால்வாசி சரியாகிவிட்டது, அதனால் பேனாவை எடுத்தேன்.

முதலில் வீட்டுச் செய்தி. எல்லோரும் நலம். மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், மூத்த பேரனும் கூடவே. தடைக்காலம் முடிந்து படகுகள் போய்வருகின்றன. சீலா மீன் மட்டும் நம் கைக்கு எட்டாத விலையில்தான் கரையேறுகிறது. ஒத்த மைக் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கடன் கொடுத்தவர்களை இப்போது தெருமுனையிலேயே அடையாளம் கண்டு திரும்பிவிடுகிறார். அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். சென்னைக்குக் குடி போகும்போது உன் அப்பா தன் கையால் செய்த ஆம்ப்ளிஃபையரை என்னிடம் விட்டுப் போனாயே, அதன் இடது பக்கத்தை நான் எரித்துவிட்டேன்.

எழுதியாயிற்று. இனி திட்டு. திட்டி முடித்துவிட்டு மேலே படி.

தை மாதம், வாடை அடித்துக்கொண்டிருந்தது. என் வீட்டைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. எந்தக் காற்று அடித்தாலும் உப்போடுதான் அடிக்கும். பொங்கலுக்கு மறுநாள் இடது ஸ்பீக்கர் கரகரத்தது. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், செப்புக் கம்பி சுற்றியிருந்த இடம் முழுக்க மயில்துத்த நிறத்தில் பச்சை பூத்திருந்தது. திருகைத் தளர்த்தினேன், கம்பி பொடிப்பொடியாக உதிர்ந்தது. சரி என்று ரெண்டு அங்குலம் வெட்டித் தள்ளிவிட்டு, புதிதாகச் சீவி, முறுக்கி, சுற்றி இறுக்கினேன். கண்ணாடி போடவில்லை. அதுதான் வினை. ஒரே ஒரு இழை, மயிர் மாதிரி, சிவப்பிலிருந்து நீண்டு பக்கத்துக் கறுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஸ்விட்சைப் போட்டு ஒலியைக் கூட்டினேன். சத்தம் வரவில்லை, கருகல் வாசனைதான் வந்தது. உனக்குத் தெரிந்த வாசனை, பெரியபட்டினம் கல்யாணத்தில் வந்த அதே வாசனை.

ஃப்யூஸ் போகவில்லை. ஃப்யூஸைக் காப்பாற்றிவிட்டு டிரான்சிஸ்டர்கள் உயிரை விட்டன. இடது பக்கத்து டூ என் 3055 ரெண்டும் காலி. ஒரு நல்ல காலம், வெளியே போகிற வழியில் அப்பா பெரிய கெப்பாசிட்டர் வைத்திருந்தார். அது இல்லையென்றால் நேர் மின்சாரம் பாய்ந்து ஸ்பீக்கர் காயிலும் கருகியிருக்கும். புது டிரான்சிஸ்டர் ரெண்டு கிடைப்பதற்குள் நான் பட்ட பாடு தனிக் கதை. முதல் ஜோடி போலி, பத்தே நிமிடத்தில் செத்தது. ரெண்டாவது ஜோடி இன்றுவரை உயிரோடு இருக்கிறது.

இதற்கிடையில் ஒன்று கண்டுபிடித்தேன். கேட்டால் நீயும் தலையில் அடித்துக்கொள்வாய். பின்பக்கத்தில் ஸ்பீக்கர் வயர் மாட்டுகிற டெர்மினல், சிவப்பும் கறுப்புமாக நாலு இருக்கிறதே, அப்பா பள்ளிக்கூட லேபில் பழைய சாமானிலிருந்து கழற்றியது, அதைத் துடைக்க உட்கார்ந்தேன். டெர்மினல் தலையின் நடுவில் மெழுகும் தூசியும் அடைத்து ஒரு வட்டம். ஊசியால் குத்தினால் அழுக்கு கழன்று விழுந்தது. உள்ளே 4 மில்லிமீட்டர் ஓட்டை. வயர் முனையில் மாட்டுகிற பனானா பின்னைச் செருகும் ஓட்டை! இத்தனை வருஷமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. நாம் ரெண்டு பேரும் கம்பியை மாட்டுக் கயிறு மாதிரி சுற்றிச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தோம். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? லேபில் தினமும் அதில்தானே வயர் செருகினார். நம்மிடம் சொல்லியிருப்பார், நாம் காது கொடுத்திருக்க மாட்டோம்.

அன்றிலிருந்து எனக்குப் பித்து. வீட்டில் சொல்லாமல் ராமநாதபுரம் போய்ப் பனானா பின் வாங்கி வந்தேன். எங்கே போனீர்கள் என்று வீட்டுக்காரி கேட்டாள், பனானா வாங்க என்றேன். பையைத் திறந்து பார்த்துவிட்டு அவள் சொன்னதை இங்கே எழுத முடியாது.

இந்தச் சின்னச் சாமானுக்குப் பெரிய வரலாறு இருக்கிறது. ஜெர்மனியில் ரிச்சர்டு ஹிர்ஷ்மான் 1924-ல் செய்தது என்கிறார்கள். அமெரிக்காவின் ஜெனரல் ரேடியோ கம்பெனியும் அதே ஆண்டைச் சொல்லி உரிமை கொண்டாடுகிறது. யார் செய்தால் என்ன, நடுவில் பிதுங்கி நிற்கும் அந்த ஸ்பிரிங் பட்டையில்தான் சூட்சுமம். ஓட்டைக்குள் போகும்போது அது சுவரை உரசிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முறை கழற்றிச் செருகும்போதும் தன்னைத் தானே துடைத்துக்கொள்கிறது. நம் ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நான் முதலில் வாங்கியது மினுமினுக்கும் மஞ்சள் சரக்கு. ஒரே மாதத்தில் முகத்தில் அம்மை போட்ட மாதிரி புள்ளி புள்ளியாகப் பச்சை. தங்கம் கருக்காதே என்று நீ கேட்பாய். கருக்காதுதான். ஆனால் பூச்சு மெல்லிசாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். உப்பு ஈரம் அது வழியாக இறங்கி அடியில் இருக்கும் பித்தளையைத் தின்னும். மேலே இருக்கிற தங்கம் தடுக்காது, அரிப்பை இன்னும் வேகமாக்கும். நல்ல சரக்கில் பித்தளைக்கும் தங்கத்துக்கும் நடுவில் நிக்கல் பூச்சு ஒன்று இருக்கும். படுமட்டமானதில் பித்தளைகூட இருக்காது, இரும்புதான்.

காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தார் நம் மண்டபத்தில் உலோகத் தகடுகளைக் கடல் காற்றில் காயவைத்து, எது எப்படி அரிக்கிறது என்று பார்ப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? நாம் சைக்கிளில் போகும்போது துரு காயப்போடுகிறார்கள் என்று கிண்டல் செய்வோம். இப்போது என் மொட்டை மாடியில் அதேதான். ஒரு பலகையில் ஐந்து வகை பின்னை ஆணி அடித்து மாட்டி, மாசி முதல் ஆனி வரை காற்றில் விட்டேன். சிரிக்காதே. புதுப் பாம்பன் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. என் ஸ்பீக்கருக்கு ஒரு பலகை கூடாதா?

பார்த்ததைச் சொல்கிறேன். மெல்லிய மஞ்சள் பூச்சு முதலில் போனது. வெறும் நிக்கல் பூச்சு மங்கியது, ஆனால் துடைத்தால் வேலை செய்தது. கெட்டியான தங்கப் பூச்சு, விலை அதிகம், உடம்பு அப்படியே இருந்தது. ஆனால் வயரை இறுக்குகிற குட்டித் திருகு இருக்கிறதே, அது துருப்பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டது. பித்தளை உடம்புக்குத் தங்கம் பூசியவன் திருகை மட்டும் இரும்பில் போட்டிருக்கிறான்! பொண்ணுக்குப் பட்டுப் புடவையும் மாப்பிள்ளைக்கு ஓட்டை வேட்டியும் எடுத்த கதை. இன்னொன்றும் கவனித்தேன். எந்தப் பின்னாக இருந்தாலும் வயர் நுழைகிற பின்வாய் திறந்திருந்தால், செம்பு உள்ளேயே பச்சையாகிவிடுகிறது. வெளியே பார்த்தால் தெரியாது, ஒரு நாள் கரகரப்பு வரும்.

ஆகவே நான் முடிவு செய்தது, ஈயம் வைத்துப் பற்றுகிற வகைதான் நமக்கு. இழைகளுக்குள் ஈயம் ஓடிவிட்டால் ஈரம் போக இடமில்லை. பற்றியபின் மிஞ்சுகிற ஃப்ளக்ஸ் பிசினை ஸ்பிரிட்டில் துடைத்துவிட வேண்டும். மேலே உள்பக்கம் பசை உள்ள, சூட்டில் சுருங்குகிற ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் போட்டுச் சூடுகாட்டினால், பசை உருகிப் பின்வாயை அடைத்துக்கொள்ளும். திருகு வகைதான் கிடைத்தது என்றால் கம்பியில் ஈயம் வைக்காதே. ஈயம் நாளாக நாளாக அழுத்தத்தில் நசுங்கிக் கொடுக்கும், திருகு தானாகத் தளர்ந்துவிடும். வெறும் கம்பியைச் சீராக முறுக்கி, ஒரு இழைகூட வெளியே நீட்டாமல் உள்ளே விட்டு இறுக்கு. ஒரு இழை என்ன செய்யும் என்று நான் சொல்லியாயிற்று.

நீ விரல் தடிமனில் பாம்பு மாதிரி ஒரு கேபிள் வாங்கிப் போட்டு, பாட்டு தெளிவாகக் கேட்கிறது என்று எழுதியிருந்தாய். கேட்பது உன் பர்ஸின் அழுகை. திண்ணை ஸ்பீக்கருக்கு என் வயர் 6 மீட்டர், போக வர 12. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பில் மின்தடை 0.14 ஓம்கூட வராது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பின் போட்டதால் பாட்டு இனிக்கவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கழற்றி மாட்டச் சுலபம், இழை நீட்டாது, அவ்வளவுதான் லாபம். ஆனால் வயர் உண்மையில் செம்புதானா என்று பார். மேலே செம்பு பூசி உள்ளே அலுமினியம் இருக்கிற வயர் நிறைய வருகிறது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் வெள்ளை தெரியும். கையில் எடுத்தாலே எடை சொல்லிவிடும். என் முதல் சுருள் அதுதான், ரெண்டு முறை வளைத்ததும் ஒடிந்தது.

எல்லாம் மாட்டிப் பாட்டைப் போட்டால் பாஸ், அந்தத் தாழ்ந்த ஒலி, இல்லை. மிருதங்கம் எல்லாம் தகர டப்பா மாதிரி கேட்டது. ஒரு பக்கத்தில் சிவப்பும் கறுப்பும் மாறிவிட்டது. ஒரு கூம்பு வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. கண்டுபிடித்தது அப்பா காட்டிய டார்ச் கட்டை வித்தையில்தான். ஒன்றரை வோல்ட் செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் சிவப்பிலும் மைனஸைக் கறுப்பிலும் தொட்டால் கூம்பு முன்னால் வர வேண்டும். ஒரு நொடிக்கு மேல் வைக்காதே.

இனி எழுதுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. ஆடி மாதம் ஒரு மத்தியானம், நான் வெத்திலை வாங்கப் போயிருந்தேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பேரன் ஆம்ப்ளிஃபையரிலிருந்து சிவப்பு கறுப்புப் பின்களை உருவி எடுத்திருக்கிறான். நான் உள்ளே நுழையும்போது, பெஞ்சுக்கு அடியில் இருக்கும் பழைய 5 ஆம்பியர் பாயிண்டுக்கு முன்னால் மண்டியிட்டு ஒரு பின்னைச் செருகிவிட்டு மற்றதைச் செருகப் பார்த்துக்கொண்டிருந்தான். வயரின் மறுமுனை ஸ்பீக்கரில். ஸ்விட்ச் அணைந்திருந்தது. அவ்வளவுதான் குமரா, அந்த ஒரு ஸ்விட்ச்தான். அவன் கையைப் பிடித்து இழுத்தபிறகு வெகுநேரம் என் கை நடுங்கியது, மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஐரோப்பாவில் ஸ்பீக்கர் டெர்மினல் ஓட்டையில் பிளாஸ்டிக் அடைப்பு போட்டு விற்பார்கள் என்று படித்திருக்கிறேன். அவர்கள் ஊர் சின்ன ரெட்டை முள் சுவர் பிளக்கின் முள்ளும் 4 மில்லிமீட்டர், இடைவெளி சுமார் 19. யாராவது சுவர் பிளக்கை ஸ்பீக்கரில் செருகிவிடக் கூடாதே என்றுதான். நம் 5 ஆம்பியர் ஓட்டை இன்னும் கொஞ்சம் பெரிது, இடைவெளியோ அதே 19தான். ரெண்டு முள்ளும் ஒன்றாக இணைந்து வருகிற இரட்டைப் பின் அதில் அளவெடுத்த மாதிரி போய் உட்காரும். அந்த வகை என் வீட்டுக்குள் வராது. பழைய பாயிண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஓட்டைக்கு உள்ளே மூடி வைத்த புதுப் பாயிண்ட் போட்டேன். பெட்டி இப்போது பரண் உயரத்தில் இருக்கிறது. உன் வீட்டிலும் பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். இன்றைக்கே குனிந்து பார்.

சரி, எனக்கு ஒரு உதவி. எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெரு உனக்குப் பக்கம்தானே. ஈயம் வைக்கிற வகை பனானா பின் 12 வாங்கி வா, எட்டு மாட்ட, நாலு கையிருப்பு. சிவப்பு வளையம் ஆறு, கறுப்பு ஆறு. பட்டை கையால் அமுக்கினால் திரும்பி எழ வேண்டும். ஒரு காந்தம் கொண்டு போ. லபக்கென்று ஒட்டினால் இரும்பு, வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போ. பசை ஸ்லீவ் ஒரு மீட்டர். வாடை ஆரம்பிப்பதற்குள் வந்துவிடு. ரயில் புதுப் பாலத்தில் ஏறுவதையும் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. எரிந்துபோன அந்தப் பழைய டிரான்சிஸ்டர் ரெண்டையும் வெத்திலைப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன். கால்களில் அப்பா வைத்த ஈயம் இன்னும் பளபளக்கிறது. வந்து நீயே பார்த்து, வேண்டுமா வேண்டாமா என்று சொல்.

உன்,
ராசு

பி.கு.: வலது பக்கத்தை நான் தொடவே இல்லை. சத்தியமாக.