மூடிய கணக்குக்குப் பிறகு வரும் குலை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செம்பனைத் தோட்டத்தில் 29 ஆண்டுகள் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது வெட்டு வேலையை மேற்பார்க்கும் மண்டோர்கள் பலரின் கையில் நோட்டுப் புத்தகம் இல்லை, கைப்பேசிதான். குலையை எண்ணித் தட்டினால் கணக்கு ஆபீசுக்குப் போய்விடுகிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் என் தம்பிக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும்.

அவன் வெட்டும் மலைப்பக்கத்து பிளாக்கில் லைன் கிடைக்காது. மாதக் கடைசி நாள் அவன் வெட்டிய குலைகள் மண்டோரின் கைப்பேசியிலேயே கிடந்து, மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு நேரத்தில்தான் ஆபீசுக்குப் போயின. கணினி அவற்றை அடுத்த மாதத்தில் ஏற்றிவிட்டது. சம்பளச் சீட்டில் ஒரு முழு நாள் வெட்டு காணோம்.

ஓயாமல் வரும் தகவலை வந்த கையோடு கணக்கிடும் இந்த முறைக்கு ஸ்ட்ரீம் பிராசசிங் என்று பெயர். என் மகளுக்கு அதுதான் வேலை. குலை வெட்டிய நேரம் ஒன்று, பதிவு கணினிக்கு வந்து சேர்ந்த நேரம் இன்னொன்று. எதை வைத்துக் கூட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும் என்றாள். தம்பியின் தோட்டத்தில் வந்த நேரத்தை வைத்துக் கூட்டியிருக்கிறார்கள்.

என் காலத்தில் நான்கு மண்டோர்கள். மூன்று புத்தகம் சீக்கிரம் வந்தாலும் நான்காவது வரும்வரை செக்ரோலை, அதாவது ஆட்களின் வேலைப் பதிவேட்டை, மூட மாட்டேன். கணினியிலும் இதே வழக்கம் உண்டு, வாட்டர்மார்க் என்கிறார்கள். 'இந்த நேரம் வரை உள்ளது வந்துவிட்டது' என்று ஒவ்வொரு வழியிலும் ஒரு குறி வரும். எல்லாவற்றிலும் பின்தங்கிய குறி எதுவோ, அதுவரைக்கும்தான் கணக்கை மூடலாம். சரி, ஒரு மண்டோர் லீவில் இருந்தால்? அவர் புத்தகத்துக்காகக் காத்திருந்தால் அன்றைய கணக்கு மூடவே மூடாது. அவரை விட்டுவிடு என்று கணினிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அப்படியும் பிந்தி வரும் பதிவு என்ன ஆகும்? அபாச்சி ஃபிளிங்க் என்ற மென்பொருளில் நாமாக அவகாசம் கொடுக்காவிட்டால், மூடிய நாளுக்கு உரிய பதிவைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். இதைக் கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெயிலில் வெட்டிச் சுமந்த குலையல்லவா அது!

வரிசையும் முக்கியம். 62 என்று தவறாகத் தட்டி, பிறகு 26 என்று திருத்துகிறார் மண்டோர். இரண்டும் வேறு வேறு வழியில் போய், திருத்தம் முந்திக்கொண்டால் 62தான் நிற்கும். பதிவுகளை வாங்கிக் கடத்தும் காஃப்கா என்ற மென்பொருளில் ஒரே பிரிவுக்குள் போகும் பதிவுகளுக்கு மட்டுமே வரிசை உறுதி. ஆகவே ஓர் ஆளின் பதிவெல்லாம் ஒரே பிரிவுக்குள் போக வேண்டும்.

நடுவில் ஓர் இயந்திரம் நின்றுபோனாலும் எல்லா இயந்திரங்களின் கணக்கையும் ஒத்துப்போகும் ஒரு நிலையிலிருந்து மீட்க வழி இருக்கிறது. மெட்ராஸ் ஐஐடியில் படித்த மணி சாண்டியும் லெஸ்லி லாம்போர்ட்டும் 1985இல் எழுதி வைத்த முறைதான் ஃபிளிங்கில் அதற்கு அடிப்படை. ஆக, அறிவுக்குப் பஞ்சமில்லை.

இந்தக் கருவிகளை வாங்கும் தோட்ட நிர்வாகங்களும் நம் தொழிற்சங்கத்தினரும் விற்க வருபவரிடம் ஒன்றைக் கட்டாயம் கேட்க வேண்டும்: கணக்கு மூடிய பிறகு வரும் குலையை எந்த நாளில் ஏற்றுவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கி, பிரட்டுக் களத்தில் தமிழில் ஒட்டி வையுங்கள்.

ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்