தமிழ்வழி யு.பி. வகுப்புகளில் வாசிப்பும் எழுத்தும்: பெற்றோர் கோரிக்கை மனு

அனுப்புநர்
தமிழ்வழி யு.பி. பிரிவு மாணவர்களின் பெற்றோர்,
கொழிஞ்சாம்பாறை வட்டாரம், சித்தூர் தாலுகா,
பாலக்காடு மாவட்டம், கேரளம்.

பெறுநர்
கல்வித் துணை இயக்குநர் அவர்கள்,
பொதுக்கல்வித் துறை,
பாலக்காடு.

பொருள்: தமிழ்வழியில் 5, 6, 7-ஆம் வகுப்பு (யு.பி. பிரிவு) படிக்கும் பிள்ளைகளுக்கு வர வேண்டிய வாசிப்பு, எழுத்துத் திறன்களைத் தமிழில் வெளியிட்டு, அதன்படி கற்பிக்கவும் சோதித்துப் பார்க்கவும் ஏற்பாடு செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். எங்கள் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கிறார்கள். ஏழாம் வகுப்பை முடிக்கிற பிள்ளை தமிழில் எதைப் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும், எதைத் தானாக எழுத வேண்டும் என்று இதுவரை எங்களுக்கு யாரும் சொன்னதில்லை. கேட்டால், "போர்ஷன் எல்லாம் முடிச்சாச்சு" என்று பதில் வருகிறது. பாடம் முடிந்திருக்கலாம். பிள்ளைக்கு எழுத வரவில்லை என்பது எட்டாம் வகுப்புக்குப் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிய வருகிறது.

போன கிளாஸ் பி.டி.ஏ. (வகுப்புப் பெற்றோர்-ஆசிரியர்) கூட்டத்தில் ஏழாம் வகுப்புத் தமிழ் நோட்டுகளை வரிசையாக வைத்துப் புரட்டிப் பார்த்தோம். 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை. எல்லா நோட்டிலும் அதே வாக்கியங்கள், அதே வரிசையில் இருந்தன. 'எங்கள் ஊரின் நடுவே சலசலவென ஓர் ஆறு ஓடுகிறது' என்று எல்லாப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள். ஐயா, இது மலை மறைப்பதால் மழை குறைந்த மழை மறைவுப் பகுதி. கோடை வந்தால் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊர். அந்த லாரியைப் பற்றி ஒரு நோட்டில்கூட ஒரு வரி இல்லை. கட்டுரை கரும்பலகையில் இருந்தது, பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள், அவ்வளவுதான். கையெழுத்து நன்றாக இருந்ததற்குச் சில நோட்டுகளில் பாராட்டும் எழுதியிருந்தது.

ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கள் பள்ளியில் தமிழ்வழிப் பணியிடம் காலியாகவே இருந்து, தினக்கூலி ஆசிரியர்களை வைத்துத்தான் ஓடுகிறது. ஒருவர் வந்து பிள்ளைகளின் பெயரும் நிலைமையும் பழகுவதற்குள் வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போய்விடுகிறார். அடுத்து வருபவருக்கு முந்தையவர் எந்தப் பிள்ளை எங்கே நிற்கிறது என்ற குறிப்பு எதையும் விட்டுப் போவதில்லை. பரீட்சை நெருங்கும்போது பலகையில் எழுதிப் போடுவதைத் தவிர அவர்களால் வேறென்ன செய்ய முடியும்?

வாசிப்பும் இதே கதைதான். அநேகப் பிள்ளைகள் சத்தமாக, தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் நாங்களும் பெருமைப்படுகிறோம். புத்தகத்தை மூடச் சொல்லி, இப்போது படித்ததில் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். அறிவியல் பாடத்தில் ஒரு சோதனையை விளக்கும் பத்தி வந்தால், எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது, ஏன் அப்படி ஆனது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சமூக அறிவியலில் ஓர் அட்டவணையைப் பார்த்து இரண்டு வாக்கியம் எழுதத் தெரியவில்லை. கணக்கில் பெருக்கல் வகுத்தல் தெரிந்த பிள்ளை, வாக்கியக் கணக்கு என்றதும் பென்சிலை வைத்துவிடுகிறது. இவையெல்லாம் தனித்தனிப் பாடங்களில் வரும் குறைகளாக மார்க் லிஸ்டில் தெரிகின்றன. எங்களுக்கு என்னவோ எல்லாமே ஒரே குறையாகத்தான் படுகிறது.

எல்.பி. (1 முதல் 4 வரை) வகுப்புகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அது சரி. ஐந்தாம் வகுப்பிலிருந்து வேறொரு திறன் வேண்டியிருக்கிறது: படித்துத் தெரிந்துகொள்வது. அந்தத் திறன் தானாக வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம் போலிருக்கிறது. அதே ஐந்தாம் வகுப்பில் இந்தியும் தொடங்குகிறது. தமிழ், மலையாளம், ஆங்கிலம், இந்தி என்று நான்கு எழுத்து முறைகளைப் பத்து வயதுப் பிள்ளை ஒரே நேரத்தில் சுமக்கிறது. நான்கும் வேண்டும்தான், அதில் எங்களுக்கு மறுப்பில்லை. எல்லையோரத்தில் மலையாளம் தெரியாமல் பிழைக்க முடியாது என்பது கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் வேலைக்குப் போய்வரும் எங்களுக்குத் தெரியாதா? ஆனால் யோசித்து எழுதப் பழகுவது முதலில் ஏதாவது ஒரு மொழியில் உறுதியாக நடக்க வேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலும் வகுப்பிலும் அந்த மொழி தமிழ்.

இதில் அவசரம் ஏன் என்றால், 2024-25 கல்வியாண்டு முதல் எட்டாம் வகுப்பில் ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் குறைந்தது 30 விழுக்காடு மதிப்பெண் வேண்டும் என்று அரசு வைத்துவிட்டது. அது கிடைக்காதவர்களுக்குத் தனி வகுப்பு நடத்தி மறுபடி தேர்வு வைக்கிறார்கள். இந்த முடிவை நாங்கள் எதிர்க்கவில்லை. எழுத வந்தாலும் வராவிட்டாலும் எல்லோரையும் அடுத்த வகுப்புக்குத் தள்ளிவிட்டுக்கொண்டே போனதன் பலனைத்தான் அனுபவித்துக்கொண்டிருக்கிறோம். எங்கள் கேள்வி ஒன்றுதான்: சொந்தமாக நான்கு வாக்கியம் எழுதிப் பழகாத பிள்ளை எழுத்துத் தேர்வில் எப்படி 30 எடுக்கும்? ஏழு வருடம் விட்டதை மறுதேர்வுக்கு முந்தைய சில நாள் வகுப்பில் பிடிக்க முடியுமா?

எதை எதிர்பார்க்கிறோம் என்று எங்களுக்குத் தெரிந்த வரையில் சொல்கிறோம். ஏழாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை, முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தை மனதுக்குள் வாசித்து, அதன் முக்கியமான செய்தியைத் தன் வார்த்தையில் சொல்ல வேண்டும். தெரியாத சொல் வந்தால் முன்னும் பின்னும் பார்த்துப் பொருளை ஊகிக்க வேண்டும். எழுதியவர் சொல்வதில் எது நடந்த செய்தி, எது அவருடைய கருத்து என்று பிரித்துக் காட்ட வேண்டும். ஆசிரியர் பேசும்போது குறிப்பெடுக்கத் தெரிய வேண்டும். எழுத்தில், ஒரு கருத்தை எடுத்துக்கொண்டு அதற்குக் காரணமும் உதாரணமும் சேர்த்து ஒரு பத்தி எழுத வேண்டும். முதலில் எழுதியதைத் திரும்பப் படித்து, அடித்துத் திருத்தி மறுபடி எழுதிப் பழக வேண்டும். இப்போது சிவப்பு மை எழுத்துப் பிழையோடு நின்றுவிடுகிறது. 'நீ சொல்ல வந்தது எனக்குப் புரியவில்லை, இன்னும் விளக்கமாக எழுது' என்று ஒரு நோட்டிலும் யாரும் எழுதியிருக்கவில்லை. ஊராட்சிக்குத் தண்ணீர் லாரி கேட்டு, எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை நாளாக வரவில்லை என்ற விவரங்களோடு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒரு கடிதம் எழுதினால் எங்களுக்குப் போதும். அந்தக் கடிதத்தை இப்போது நாங்கள் காசு கொடுத்து எழுதி வாங்குகிறோம்.

இது எங்கள் ஆசை மட்டும் அல்ல. கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகளில் 2017-இல் செய்த திருத்தம், வகுப்புவாரியாகவும் பாடவாரியாகவும் கற்றல் விளைவுகளை, அதாவது பிள்ளைக்கு என்னென்ன வர வேண்டும் என்பதை, வகுக்கச் சொல்கிறது. அதே ஆண்டில் என்.சி.இ.ஆர்.டி. (தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு) வெளியிட்ட தொடக்கக் கல்விக்கான கற்றல் விளைவுகள் ஆவணம், ஆசிரியரோடு பெற்றோரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. நம் மாநிலத்தில் 2024-இல் ஐந்து, ஏழாம் வகுப்புகளுக்கும் 2025-இல் ஆறாம் வகுப்புக்கும் புதிய பாடப்புத்தகங்கள் வந்தன. ஆக, எதிர்பார்ப்புகள் எங்கோ எழுத்தில் இருக்கின்றன. அவை தமிழில், எங்களுக்குப் புரியும் விதத்தில், எங்கள் கைக்கு வந்து சேரவில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 350-அ பிரிவு மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்யச் சொல்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29-ஆம் பிரிவில், எட்டாம் வகுப்பு வரையிலான கல்வி இயன்றவரை தாய்மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த 'இயன்றவரை' எங்கள் பள்ளியில் பாடப்புத்தகத்தோடு முடிந்துவிடுகிறது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலாவது, மற்றவற்றுக்கெல்லாம் அடிப்படையானது: ஐந்து, ஆறு, ஏழு ஒவ்வொன்றுக்கும் ஒரே பக்கத்தில், எளிய தமிழில், பிள்ளைக்கு என்ன வாசிக்க வர வேண்டும், என்ன எழுத வர வேண்டும் என்று அச்சிட்டு ஜூன் மாதம் முதல் கிளாஸ் பி.டி.ஏ. கூட்டத்தில் எங்களுக்குக் கொடுக்க வேண்டும். எங்களில் பலர் தென்னந்தோப்பு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகிறவர்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு அதைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினால் போதும். அந்தத் தாள் இருந்தால் ஆசிரியர் மாறினாலும் அடுத்தவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் எதுவரை வந்திருக்கிறது என்று அதிலேயே குறித்து வைக்கலாம்.

அப்புறம், ஓணத் தேர்விலும் கிறிஸ்துமஸ் தேர்விலும் ஆண்டுத் தேர்விலும் பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பத்தியைக் கொடுத்து வாசித்து எழுதச் சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்ய முடியாத கேள்வி ஒன்றாவது இருந்தால்தான் உண்மை நிலை தெரியும். இதில் வரும் மதிப்பெண்ணைச் சொல்லிப் பிள்ளையையோ ஆசிரியரையோ திட்டக் கூடாது என்பதையும் கேட்டுக்கொள்கிறோம். வாரத்தில் ஒரு பீரியட் எழுதுவதற்கென்றே வேண்டும். அந்த நேரத்தில் கரும்பலகையில் விடை எழுதக் கூடாது.

மலையாளத்தில் எழுதப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்காக 'மலையாளத் திளக்கம்' நடந்தது. ஆங்கிலத்துக்கு 'ஹலோ இங்கிலீஷ்', இந்திக்கு 'சுரீலி ஹிந்தி' என்று திட்டங்கள் வந்தன. பார்த்தோம், நல்ல முயற்சிகள். எங்கள் பள்ளியின் தமிழ்வழி யு.பி. பிள்ளைகளுக்கும் அதே அளவு அக்கறையோடு தமிழில் ஒரு பயிற்சியை ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது. அங்கு படிக்கும் மாணவர்கள் பயிற்சியில் உதவ முடியுமா என்று துறை கேட்டுப் பார்க்கலாம்.

புத்தகம் பற்றியும் சொல்ல வேண்டும். ஜூன் 19 வாசிப்பு தினத்தை எங்கள் பள்ளியும் கொண்டாடுகிறது. பி.என். பணிக்கரின் படம், உறுதிமொழி, ஊர்வலம் எல்லாம் உண்டு. 1945-இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கியவரின் நினைவு நாள் அது. உறுதிமொழி எடுத்துவிட்டு வரும் எங்கள் பிள்ளைகள் எடுத்து வாசிக்க, பள்ளி அலமாரியில் தமிழ்க் கதைப் புத்தகம் தேடித்தான் பார்க்க வேண்டும். இருப்பவையும் பழைய பாடப்புத்தகங்கள். ஒவ்வொரு பள்ளி நூலகத்திலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம், பொள்ளாச்சி அரசுப் பள்ளிகளில் படிக்கும் எங்கள் உறவுக்காரப் பிள்ளைகள் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களை வாசிக்கிறார்கள். வாசிப்பு இயக்கத்துக்காகத் தமிழ்நாடு அரசு 'நுழை, நட, ஓடு, பற' என்று படிநிலை பிரித்து வெளியிட்ட சிறு புத்தகங்களும் அங்கே கிடைக்கின்றன. நம் அரசு அந்த அரசிடம் கேட்டு வாங்கித் தர முடியாதா? ஆழியாற்றுத் தண்ணீர் கேட்டு அந்த அரசுக்கு எழுதும் அளவுக்குக்கூடச் சிரமம் இருக்காது என்று நினைக்கிறோம். கோயம்புத்தூர்ப் பதிப்புத் தமிழ் நாளிதழ் தினமும் காலையில் இங்குள்ள டீக்கடைக்கு வந்துவிடுகிறது. பள்ளிக்கும் ஒரு பிரதி போட்டால் நல்லது.

கடைசியாக, காலியாக உள்ள தமிழ்வழி யு.பி. ஆசிரியர் பணியிடங்களைப் பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) மூலம் நிரந்தரமாக நிரப்பக் கோருகிறோம். இது தங்கள் கையில் மட்டும் இல்லை என்பது தெரியும். காலியிட விவரத்தைத் தாமதமில்லாமல் மேலே அனுப்புவது தங்கள் அலுவலகத்தால் ஆகக்கூடிய காரியம்.

தங்கள் பார்வைக்காக, மேலே சொன்ன 'எங்கள் ஊர்' கட்டுரையின் நகல்கள் சிலவற்றை இணைத்திருக்கிறோம். பிள்ளைகளின் பெயரும் பள்ளியின் பெயரும் மறைக்கப்பட்டுள்ளன. எந்த ஆசிரியர் மீதும் இதை வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தாங்கள் இந்த வட்டாரத்துக்கு வந்து, வகுப்பில் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, புதிய பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லிப் பார்த்தால் நாங்கள் எழுதியிருப்பதன் உண்மை தெரியும்.

1969-ஆம் ஆண்டின் கேரள அலுவல் மொழிகள் சட்டப்படி, இந்த மனுவுக்கான பதிலைத் தமிழிலேயே தரும்படி வேண்டுகிறோம். அடுத்த கிளாஸ் பி.டி.ஏ. கூட்டத்துக்குள் பதில் கிடைத்தால் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தமிழ்வழி யு.பி. பிரிவு மாணவர்களின் பெற்றோர்
(கையொப்பங்களும் கைரேகைகளும் தனித்தாளில்)

இடம்: கொழிஞ்சாம்பாறை
நாள்:

இணைப்பு: ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுப் பக்கங்களின் நகல்கள்

நகல்: உதவிக் கல்வி அலுவலர், சித்தூர்