அகராதியைப் பூட்டி வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய மாவட்ட நூலக அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் நிலைமை தங்களுக்குத் தெரியும். ஆய்வுக்கு வந்து பார்த்திருக்கிறீர்கள். அதனால் கூரை, மின்விசிறி பற்றியெல்லாம் எழுதவில்லை. கண்ணாடி பீரோவில் இருக்கும் பெரிய ஆங்கில அகராதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். போன வாரம் அதைக் கேட்டபோது, "ரெஃபரன்ஸ் புக், வெளியே தரக்கூடாது" என்றார்கள். சரி, இங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றேன். சாவி இல்லையாம்.

வங்கித் தேர்வுக்குப் படிக்கும் ஏழெட்டுப் பேர் தினமும் அங்கே வருகிறோம். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். கைடில் இருக்கும் சொற்களை மனப்பாடம் செய்கிறோம். அதில் 'அபைட்', 'காம்ப்ளை' இரண்டுக்கும் 'கட்டுப்படு' என்றுதான் போட்டிருக்கிறது. முன்னதோடு 'பை' வரும், பின்னதோடு 'வித்' வரும் என்பது அதில் இல்லை. பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் நாங்கள் கோட்டை விடுவது இங்கேதான். எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு இதைச் சொல்லித் தரும் புத்தகம் பூட்டிய பீரோவில் இருக்கிறது.

வெளியே கிடக்கும் சின்ன அகராதியில் 'எஸ்' எழுத்துக்கு அப்புறம் பக்கங்களே இல்லை. என்னோடு படிக்கும் பெண் ஒருவர் 'டி' (T) எழுத்தில் தொடங்கும் சொற்களை நோட்டின் கடைசியில் தனியாக எழுதி வருகிறார், பீரோ திறக்கும் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று. இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. போனில் பார்க்கலாமே என்பீர்கள். அவர் வீட்டில் இருப்பது ஒரே போன். அது காலையிலேயே அண்ணனோடு வேலைக்குப் போய்விடும்.

அந்த அகராதியை மேசைமேல் வையுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

1948-லேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகக் கட்டுகிறோம். 2010-ல் சென்னை கோட்டூர்புரத்திலும் 2023-ல் மதுரையிலும் பெரிய நூலகங்கள் வந்தன. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே போய்வர வசதியில்லாதவர்களுக்குக் கிளை நூலகத்தை விட்டால் வேறு எது இருக்கிறது? பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்கள்தான் நல்ல ஆங்கிலம் படிக்க வேண்டுமா? வாங்கிய புத்தகத்தைப் படிக்க விடாமல் பூட்டுவது எந்த விதியில் இருக்கிறது?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தொலைந்துவிடும் என்று பயமிருந்தால் சங்கிலி போட்டு மேசையோடு கட்டி வைத்தாலும் சரி. அடுத்த தேர்வு அறிவிப்பு வருவதற்குள் அகராதியை வெளியே எடுத்து வைக்க உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நூலக உறுப்பினர் ஒருவர்